இரண்டாவது ஆள் பாடிய பாட்டு

எனக்கு ஜப்பான் மொழியில் பதினொரு பாட்டுத் தெரியும். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. கொத்துமல்லி ஆயும்போதும், துவைத்த துணியை மடிக்கும்போதும் அவை தாமாக வாயில் வந்துவிடும். முதன்முதலில் அதைக் கேட்ட என் மருமகன், மாமிக்கு ஏதோ செய்கிறது போலிருக்கிறதே என்று என் மகளிடம் மெல்லச் சொல்லியிருக்கிறார்.

என் வயதுக்காரர்கள், அறுபதைத் தொடப்போகிறவர்கள், நீங்கள் நம்புவீர்கள். நம் எல்லோருக்கும் சின்ன வயதில் எங்கிருந்தோ ஒரு பாட்டு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு ரேடியோவில் வந்திருக்கும், திருவிழா ஒலிபெருக்கியில் வந்திருக்கும். எனக்கு வந்தது கப்பலில்.

என் அம்மாவின் தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். நான் அவரை மாமு என்று கூப்பிடுவேன். வருடத்துக்கு ஒரு தடவையோ, ஒன்றரை வருடத்துக்கு ஒரு தடவையோ காரைக்குடிக்கு வருவார். வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம், கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் நைலான் சேலையும் முகப்பவுடரும் வாசனை சோப்பும் வெளியே வந்தன. கடைசியாக, துண்டில் சுற்றிய ஒரு டேப்ரிக்கார்டரும் ஒரே ஒரு கேசட்டும்.

கேசட் பெட்டியின் அட்டையில் இரண்டு பெண்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். வெள்ளிச் சரிகையில் தைத்தது போல ஒரு உடை. ஆளுக்கு ஒரு கையை மேலே தூக்கியிருந்தார்கள். அந்த உடை முழங்காலுக்கு வெகு மேலேயே முடிந்துவிட்டது. அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், என் நோட்டுக்குப் போடுகிற காக்கி அட்டையில் ஒரு துண்டு வெட்டி, சோற்றுப் பசை தடவி, இடுப்புக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். அந்த இரண்டு பெண்களும் காக்கிப் பாவாடை கட்டியது போல ஆகிவிட்டார்கள்.

மாமு அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். ஜப்பானில் கப்பல் நின்ற துறைமுக ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும், முடிவெட்டப் போனாலும் இந்தப் பெண்களின் பாட்டுத்தான் கேட்கும் என்றார். தெருவில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் இரண்டிரண்டு பேராக நின்று இவர்களைப் போல ஆடுவார்களாம். எப்படி என்று கேட்டேன். எழுந்து நின்று ஆடியே காட்டினார். தொப்பையும் கைலியுமாக அவர் இடது கையை வீசி, வலது கையை வீசி, பிறகு இரண்டு கையையும் காற்றாடி போலச் சுற்றினார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

பாட்டு எப்படி இருந்தது என்று சொல்வது கடினம். முதலில் ஊதல் வாத்தியங்கள் கூட்டமாக வந்து கதவைத் தள்ளித் திறப்பது போல இருக்கும். பின்னால் டிரம். அது அடங்குவதற்குள் அந்த இரண்டு பெண்களும் ஒரே மூச்சில் பாடத் தொடங்குவார்கள். சோகமாகப் பாடுகிற இடத்தில்கூட அவர்கள் குரலில் ஒரு துள்ளல் இருக்கும். ஓடி வந்து நின்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவது போல. எங்கள் வீட்டில் அதற்கு முன் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அத்தா, என் அப்பா, கடைவீதியில் தகரப் பெட்டி செய்து விற்கிற கடை வைத்திருந்தார்கள். நாள் முழுக்கத் தகரம் தட்டுகிற சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு வீட்டில் சத்தமே ஆகாது. ஆனால் மாமு கொண்டுவந்தது என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்குச் சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு மாதம் இருந்துவிட்டு மாமு கப்பலுக்குப் போய்விட்டார். டேப்ரிக்கார்டரும் கேசட்டும் எனக்கென்று ஆகிவிட்டன.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மானகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளை அவள். வீட்டில் விவசாயம். நான் அவளைக் கூட்டாளி என்றுதான் கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவே இல்லை. அவளுக்குக் கட்டைக் குரல். காலையில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது அவளைப் பின்வரிசையில் நிற்கச் சொல்வார்கள். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. பின்வரிசையில் நின்றால் வெயில் படாது என்பாள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவளுடைய பஸ் வர ஒன்றரை மணி நேரம் இருக்கும். அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா ஆளுக்கு ஒரு தம்ளர் டீயும் வறுத்த கடலையும் கொடுப்பார்கள். நாங்கள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். மார்கழி மாலை வெயில் அதன் வழியாக வந்து தரையில் நாலு கம்பி நிழலாக விழும். அந்த நிழலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பொத்தானை அழுத்திவிட்டு ஆடத் தொடங்குவோம்.

பாட்டைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினோம். ஓரிடத்தில் "மாமி வாடா" என்று வரும், இன்னோரிடத்தில் "ஓசி நெய்". உண்மையில் அவர்கள் என்ன பாடினார்களோ, எங்களுக்கு அது ஓசி நெய்தான். அந்த இடம் வரும்போதெல்லாம் சிரிப்பு வந்து ஆட்டம் நின்றுவிடும். பிறகு நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடியும் முதலிலிருந்து.

நான் ஆட்டத்தில் கெட்டி. அவள் கேட்பதில் கெட்டி. இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு அவள் சோம்பேறி என்று நினைத்தேன். நான் நின்று ஆடிக்கொண்டிருக்கும்போதே அவள் டேப்ரிக்கார்டர் இருந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். தலையைச் சாய்த்து, ஒலி வருகிற கம்பி வலைமேல் காதை அப்படியே வைத்துக்கொள்வாள். கண்ணை மூடியிருப்பாள். எழுந்திரு, தூங்காதே என்று நான் திட்டுவேன். காதை எடுத்தால் கன்னத்தில் அந்த வலையின் கட்டம் கட்டமான தடம் பதிந்திருக்கும்.

கொஞ்ச நாளில் அவள் பாடுவது கேசட்டில் வருவதிலிருந்து விலகிப்போகத் தொடங்கியது. தொடக்கத்தில் இருவரும் ஒன்றாகத்தான் பாடுவோம். நடுவில் ஓரிடத்தில் நான் மேலே போவேன். அவள் வர மாட்டாள். கீழேயே நின்றுகொண்டு வேறு எதையோ பாடுவாள். சொல் அதேதான், மெட்டு வேறு. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் உள்ளறையில் இரண்டு பேர் மட்டும் பாடும்போது, அது ஏனோ கேட்க நன்றாகவும் இருந்தது. என் குரலுக்குக் கீழே யாரோ பாய் விரித்தது போல. நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் யார் யோசிக்கிறார்கள்?

தை மாத நடுவில் பள்ளி ஆண்டு விழா. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் வேப்பமரத்தடியில் ஆடிக்கொண்டிருந்ததைப் பெரிய டீச்சர் பார்த்துவிட்டார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தோம். முழுப் பாட்டையும் ஆடச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதை விழாவில் வைக்கலாம் என்றார்கள். விழாவுக்குத் தலைமை தாங்க வருவது கானாடுகாத்தானிலிருந்து ஒரு பெரிய வீட்டு ஆச்சி. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை கட்டிக் கொடுத்தவர். கடல் தாண்டிப் போய் வந்த குடும்பம், அவர்களுக்குப் பிடிக்கும் என்று பெரிய டீச்சர் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் மேடை ஏறுவது என்பது பெரிய விஷயம். அத்தா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பெரிய டீச்சர் ஆள் விட்டுச் சொன்ன பிறகு, முழுக்கை சட்டையும் பாவாடை தாவணியுமாக என்றால் சரி என்றார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே துணியில், கிளிப்பச்சையில் அம்மாவே தைத்தார்கள். அளவெடுக்கும்போது அவள் கூச்சத்தில் நெளிந்துகொண்டே நின்றது நினைவிருக்கிறது. மானகிரிக்குப் போய் அவள் அய்யாவிடமும் ஆத்தாவிடமும் சொல்லியிருக்கிறாள். குடும்பத்தோடு மாட்டுவண்டி கட்டி விழாவுக்கு வருவதாக ஏற்பாடு.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், எல்லா நிகழ்ச்சிகளையும் பாட்டு டீச்சர் ஒத்திகை பார்த்தார்கள். நல்லவர்கள், முறையாகச் சங்கீதம் படித்தவர்கள். எங்களைப் பாடச் சொல்லிவிட்டு ஆர்மோனியத்தில் கை வைத்தார்கள். நடுவில் நான் மேலே போக, அவள் கீழே நிற்க, டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருத்தி சுருதியோடு போகிறாள், இன்னொருத்தி கீழே இழுக்கிறாள் என்றார்கள். தனித்தனியாகப் பாடச் சொன்னார்கள்.

நான் பாடினேன். சரி என்றார்கள்.

அவள் பாடினாள். தனியாகக் கேட்கும்போது அது பாட்டாகவே இல்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரு படி இறங்கி, திரும்ப ஏறி, எங்கேயும் போய்ச் சேராத ஒரு முனகல். ஒத்திகைக்கு வந்திருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் பாடி முடித்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"டீச்சர், அதுல ரெண்டு பேரு பாடுறாக. நான் ரெண்டாவது ஆளு பாடுறதத்தான் பாடுறேன்" என்றாள்.

பாட்டு டீச்சர் என்னைப் பார்த்தார்கள். அப்படியா என்று கேட்டார்கள். நூறு கண்கள் என்மேல் இருப்பது போல இருந்தது. சிரித்தவர்களில் எனக்குப் பிடித்தவர்களும் இருந்தார்கள்.

"இல்ல டீச்சர். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பாடுறாக. இவதான் தப்பாப் பாடுறா."

நான் பொய் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது ஒரு குரல்தான். ஆனால் அவள் அடுத்துச் சொன்னதுதான் இன்றுவரை என்னோடு இருக்கிறது. என் பக்கம் திரும்பி, நாளைக்கு டேப்ரிக்கார்டரை எடுத்து வா, டீச்சருக்குப் போட்டுக் காட்டலாம் என்றாள். பாட்டு டீச்சரும் சரி, கொண்டுவந்தால் கேட்கிறேன் என்றார்கள். விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது.

நான் கொண்டுபோகவில்லை. அத்தா தர மாட்டேன் என்கிறார்கள் என்று மறுநாள் சொன்னேன். அத்தாவிடம் நான் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். போட்டுக் காட்டி அவள் சொன்னது சரி என்று ஆகிவிட்டால், நான் சொன்னது தப்பென்று ஆகிவிடும். அந்தப் பயம் ஒன்று. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அவளுக்குப் பதிலாக என்னோடு ஆட, பாட்டு டீச்சரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு அக்காவைப் போடப்போவதாகப் பேச்சு. பள்ளிக்கூடமே கொண்டாடுகிற அக்கா. அவரோடு மேடையில் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது.

நான்காம் நாள் அந்த அக்கா வந்துவிட்டார். அவளுக்குத் தைத்த கிளிப்பச்சைப் பாவாடை அவருக்குக் கொஞ்சம் குட்டை. அம்மா கரை வைத்துத் தைத்தார்கள். ஏன் ஆள் மாறியது என்று கேட்டார்கள், டீச்சர் மாற்றிவிட்டார்கள் என்றேன். ஊசியை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மா மறுபடி தைத்தார்கள்.

விழா நாளில் மேடையில் நாங்கள் இருவரும் ஒரே குரலில், ஒரு பிசகும் இல்லாமல் பாடினோம். கைதட்டல் பலமாக இருந்தது. கானாடுகாத்தான் ஆச்சி எங்களைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டு, "நல்லாப் பாடுனீக" என்றார்கள். ஆனால் பாடிக்கொண்டிருந்தபோதே எனக்கு ஏதோ குறைந்தது. நான் மேலே போகிற அந்த இடத்தில் காலடியில் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. மைக் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கீழே, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். மாட்டுவண்டி வரவில்லை. எப்போதும் போல டவுன் பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். விழா முடிந்ததும் என்னிடம் வந்து, நன்றாக இருந்தது என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவாள். ஒன்றரை மணி நேரம் அங்கேயே நிற்பாள். ஒருநாள் நான் போய்க் கூப்பிட்டேன். வெயில் இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்றாள்.

முழுப்பரீட்சை முடிந்தது. அடுத்த வருடம் அவள் வரவில்லை. பெரியவளாகிவிட்டாள், வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு செய்தியே இல்லை, உங்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் அப்படி வருடத்துக்கு நான்கைந்து பேர் குறைந்தார்கள். மீதிப் பேர் பெஞ்சில் கொஞ்சம் தாராளமாக உட்கார்ந்தோம்.

கேசட்டும் அதிக நாள் இருக்கவில்லை. நாடா சிக்கி, இழுக்க இழுக்கக் குடல் போல வெளியே வந்துவிட்டது. மாடியில் மோர்மிளகாய் காயவைக்கும்போது காக்கையை விரட்ட அம்மா அந்த நாடாவைக் கம்புக்குக் கம்பு கட்டிவிட்டார்கள். காற்றில் அது பளபளவென்று நடுங்கி, விர்ரென்று ஒரு சத்தம் போடும். பதினொரு பாட்டும் அந்த வெயிலில் கிடந்து வெளிறிப் போயின. அடுத்த தடவை வந்த மாமு அதைப் பார்த்துவிட்டு, வேறு கேசட் வாங்கி வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

பிறகு எனக்குப் படிப்பு, கல்யாணம், பிள்ளைகள். அத்தா போனார்கள். மாமுவும் போனார். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் இதே காரைக்குடியில்தான் இருக்கிறேன். மானகிரி டவுன் பஸ் எத்தனையோ தடவை என்னைக் கடந்து போயிருக்கிறது. நான் ஏறியதில்லை.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சென்னையிலிருந்து என் மகள் வந்திருந்தாள். நான் வழக்கம்போலத் துணி மடித்துக்கொண்டே பாடியிருக்கிறேன். அவள் தன் போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள். பாட்டை முனகினால் அது எந்தப் பாட்டு என்று போன் கண்டுபிடித்துவிடுமாம். இரண்டு பாட்டுக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதற்குப் பிடித்துவிட்டது. அந்த இரண்டு பெண்களும் திரையில் வந்து நின்றார்கள், அதே வெள்ளி உடையில். மகள் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, கேளுங்கம்மா என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஊதல் வாத்தியங்கள் வந்தன. டிரம் வந்தது. இருவரும் பாடத் தொடங்கினார்கள். நடுவில் அந்த இடம் வந்தது. ஒரு காதில் ஒருத்தி மேலே போனாள். மறு காதில் இன்னொருத்தி போகவில்லை. கீழேயே நின்று, ஒரு படி இறங்கி, திரும்ப ஏறி, கட்டைக் குரலில் வேறு எதையோ பாடினாள்.

ஒத்திகையில் பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தார்களே, அதுதான். ஒரு பிசகு இல்லாமல் அதேதான்.

மகள் திரும்பி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். பழைய பாட்டைக் கேட்டதும் அம்மாவுக்கு ஊர்ப்பட்ட நினைவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

அவளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மானகிரியில் இறங்கி, டீக்கடையில் அவள் அய்யாவைச் சொல்லிக் கேட்டதும் வழி சொல்லிவிட்டார்கள். உள்ளூரிலேயே மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மகன் வேன் ஓட்டுகிறான். நான் போனபோது அவள் முற்றத்தில் சாக்கு விரித்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினாள். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வா கூட்டாளி" என்றாள். "இங்குட்டு நெழல்ல உக்காரு."

நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், அத்தா அம்மாவைக் கேட்டாள். மருமகள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். நானும் ஒரு கை கடலையை எடுத்து உடைக்கத் தொடங்கினேன். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னேன்.

"நீ சரியாத்தான் பாடியிருக்க. அதுல ரெண்டு மெட்டு இருக்கு. இப்பத்தான் எனக்குக் கேட்டுச்சு."

அவள் கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதான் எனக்கு அப்பவே தெரியுமே" என்றாள்.

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நாற்பத்தைந்து வருடமும் அவள் தன்னைச் சந்தேகப்படவே இல்லை. நான் வந்து சொல்லி அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மீதியையும் சொல்லிவிட்டால்தான் பஸ் ஏற முடியும் என்று தோன்றியது. அந்த டேப்ரிக்கார்டரை அத்தாவிடம் நான் கேட்கவே இல்லை என்றேன்.

"அதுவும் தெரியும்" என்றாள்.

பிறகு, உடைத்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னாள். அந்த வாரம் அவளுடைய அக்கா கல்யாணத்துக்குப் பெட்டி எடுக்க அவள் அய்யா எங்கள் கடைக்கு வந்திருக்கிறார். வீட்டில் மகள் சாப்பிடாமல் கிடப்பதைச் சொல்லி, ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் பாட்டுப் பெட்டியைத் தர முடியுமா என்று அத்தாவிடமே கேட்டிருக்கிறார். அத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் பிள்ளை என்னிடம் கேட்கவே இல்லையே, இப்போதே வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அய்யாவோ, வீட்டுக்குப் போய் மகளைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

"நான்தான் வேணாம்னுட்டேன்" என்றாள். "இன்னும் மூணு நாளு இருந்துச்சுல்ல. நீயாக் கொண்டாருவேன்னு இருந்தேன்."

எனக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அத்தா கடையிலிருந்து சீக்கிரமே வந்தார்கள். என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டியிருக்கிறதா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி போய்ப் படி என்றார்கள். நான் தானாகச் சொல்ல வேண்டும் என்று அத்தா நினைத்திருக்கிறார்கள். அவளும் நான் தானாகக் கொண்டுவர வேண்டும் என்று இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் எனக்கு இடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியவே இல்லை. அத்தா ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். சாகும்வரை அதைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன். அதற்கு அவள், உடைத்த கடலையில் சொத்தையைப் பொறுக்கிப் போடு, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதே என்றாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். கத்தரிக்காய்க் குழம்பு.

அதன்பிறகு நான் மாதத்துக்கு இரண்டு தடவையாவது மானகிரி போய்விடுகிறேன். முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறோம், மருமகள்களைப் பற்றி, மழை வராததைப் பற்றி. அவள் ஒருநாளும் பாட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. போனில் போட்டுக் காட்டட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அந்தக் குரல் அவளிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் போனபோது அவள் வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். புடைக்கிற தாளத்தோடு தாளமாக என்னவோ ஒரு முனகல் கேட்டது. முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு என் உடம்பெல்லாம் காதாகிவிட்டது. ஒரே இடத்தில் நின்று, ஒரு படி இறங்கி, திரும்ப ஏறுகிற அந்தக் கீழ் மெட்டு. வயதில் இன்னும் கட்டையாகியிருந்தது. சொல்லெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கியது. என்னுடைய பாட்டு என் தொண்டைவரை வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பாடுவதை முழுக்கக் கேட்க வேண்டும் போலிருந்தது.

பாதியில் நிறுத்தினாள். முறம் கையிலேயே நின்றது.

"அதுக்கு மேல என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. பையிலிருந்த போனை எடுக்கக் கையை நீட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இரு. தானா வரும்."

இருந்தேன்.